வளைந்த கால் யாருடைய குற்றம்?

எங்கள் பள்ளி குன்னூர் வட்டத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ஜூலை மாதத்தில் காலை வழிபாட்டுக் கூட்டம் நடக்கும்போது கடைசி வரிசைப் பிள்ளைகளின் முகம் மூடுபனியில் தெரியாது. அப்படியொரு காலையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஸ்வெட்டருக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மறைத்துக்கொண்டு வந்தான். இனிப்புக் கடையில் கொடுக்கும் டப்பா. மூடியில் ஊசியால் ஓட்டைகள் போட்டிருந்தான்.

"டீச்சர், பல்லிக் குஞ்சு. முட்டையில இருந்து நானே பொரிக்க வச்சேன்."

உள்ளே மூன்று குஞ்சுகள். இரண்டு டப்பாவின் சுவரில் ஏறி விறுவிறுவென்று ஓடின. மூன்றாவது அடியிலேயே கிடந்தது. அதன் பின்னங்கால்கள் இரண்டும் வெளிப்புறமாக வளைந்திருந்தன. வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு முன்னங்கால்களால் மட்டும் நகர்ந்தது.

வகுப்பு முழுவதும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டது. "பாவம் டீச்சர்" என்றார்கள் சிலர். "முட்டையத் திருடிட்டு வந்தான்ல, அந்தப் பாவம்தான்" என்றான் ஒருவன். டப்பாவைக் கொண்டுவந்தவன் முகம் சுருங்கிப் போனது.

பாடம் நடத்தும் அவசரத்தில் நான் சட்டென்று ஒரு பதிலைச் சொன்னேன். "பாவமும் இல்ல, சாபமும் இல்ல. அம்மாப் பல்லி சரியாச் சாப்பிட்டிருக்காது. சுண்ணாம்புச் சத்து குறைஞ்சா குஞ்சுக்குக் கால் இப்படித்தான் வளையும்."

மூடநம்பிக்கையை அறிவியலால் வென்றுவிட்ட திருப்தியோடு பாடத்தைத் தொடங்கினேன். பாடவேளை முடிந்ததும் ஒரு மாணவி தனியாக வந்து நின்றாள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

"டீச்சர், எங்க தம்பிக்கும் பொறக்கும்போதே ரெண்டு பாதமும் உள்பக்கமாத் திரும்பியிருக்கு. எட்டு மாசம் ஆகுது. கிரகணத்தன்னிக்கு அம்மா காய் நறுக்கினதாலன்னு பாட்டி சொல்லுது. அப்ப அதில்லையா டீச்சர்? எங்கம்மா சரியாச் சாப்பிடாததாலயா?"

என்னிடம் பதில் இல்லை. கிரகணத்தை நீக்கிய இடத்தில் அவளுடைய அம்மாவின் தட்டை வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. பழி இடம் மாறியதே தவிர, போகவில்லை. என் பதிலுக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை என்பதும் உறைத்தது. அந்தத் தாய்ப் பல்லி என்ன தின்றது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் வகுப்பில் அதை ஒப்புக்கொண்டேன். "நேத்து நான் சொன்னது பதில் இல்ல, ஊகம். இன்னைக்குச் சேர்ந்து கண்டுபிடிக்கலாமா?" அதன் பிறகு நடந்த இரண்டு வாரப் பாடத்தைத்தான் இங்கே பகிர்கிறேன்.

தெரிந்தது எது, ஊகம் எது?

கரும்பலகையை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம் ‘தெரிந்தது’, மறுபக்கம் ‘ஊகம்’. முதலில் மாணவனை நடந்ததைச் சொல்லச் சொன்னோம்.

மே விடுமுறையில் மேட்டுப்பாளையத்தில் அம்மிச்சி வீட்டுக்குப் போயிருக்கிறான். மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால் நான்கு வெள்ளை முட்டைகளைப் பார்த்திருக்கிறான். பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கும் பேருந்தில் மேலே கொண்டுவந்திருக்கிறான். குளிருமே என்று பகலில் அடுப்படி மேடையிலும் இரவில் குண்டு பல்பின் கீழும் வைத்திருக்கிறான். அம்மிச்சி வீட்டுக் கோழி முட்டைகளைத் திருப்பிப் போடுவதைப் பார்த்தவன், இவனும் தினமும் திருப்பியிருக்கிறான். ஒரு முட்டை சுருங்கிப் போனது. மூன்று பொரித்தன. அவற்றில் ஒன்றுக்குக் கால் வளைந்திருந்தது.

"வீட்டுப் பல்லி ஒரு தடவைக்குப் பொதுவா ரெண்டு முட்டைதான் போடும். அப்ப நாலு முட்டைன்னா?" என்று கேட்டேன்.

"ரெண்டு அம்மா!" என்றது வகுப்பு.

"இல்லன்னா ஒரே அம்மா ரெண்டு தடவை போட்டிருக்கலாம்" என்றாள் ஒரு மாணவி. இரண்டும் சரியே. பாதுகாப்பான ஓர் இடுக்கு கிடைத்தால் பல பல்லிகள் அங்கே வந்து முட்டையிடும். ஒரே பல்லியும் திரும்ப வரும். ஆகவே நான்கும் உடன்பிறப்புகள் என்று சொல்ல முடியாது. இந்தச் சிறிய தர்க்கம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப் போனது. முட்டையின் எண்ணிக்கையை வைத்தே இவ்வளவு யோசிக்க முடியுமா என்று வியந்தார்கள்.

ஆறு வாய்ப்புகள்

ஊகப் பக்கத்தில் கடைசியாக ஆறு காரணங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு கேள்விகள்: இது காரணமாக இருக்க முடியுமா? நம்மிடம் உள்ள ஆதாரம் இதை ஆதரிக்கிறதா?

முதலாவது, தாயின் சுண்ணாம்புச் சத்து. வீட்டுப் பல்லியின் முட்டை ஓடு கோழி முட்டையைப் போலக் கடினமானது. ஓட்டுக்கும் குஞ்சின் எலும்புக்கும் சேர்த்துத் தாய் சுண்ணாம்பு தர வேண்டும். இதற்காகப் பல வகைப் பல்லிகள் கழுத்தின் இருபுறமும் உள்ள பைகளில் சுண்ணாம்பைச் சேமித்து வைக்கின்றன. வளர்ப்புப் பல்லிகளில் இது பெரிய சிக்கல். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளைச் சேர்ந்த சிறுத்தைப் பல்லியைப் பல நாடுகளில் வீட்டில் வளர்க்கிறார்கள். அதற்குத் தரும் பாச்சை போன்ற பூச்சிகளில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம். அதனால் பூச்சிகளின் மீது கால்சியப் பொடியைத் தூவித் தருகிறார்கள். அதைத் தவறவிட்டால் பல்லிக்குத் தாடையும் காலும் வளைகின்றன. அதன் முட்டையும் குஞ்சும் பலவீனமாகின்றன. எனவே இது நடக்கக்கூடியதே. ஆனால் இந்த முட்டையை இட்ட தாயை நாங்கள் பார்க்கவில்லை.

இரண்டாவது, வெப்பம். ஊர்வனவற்றின் கரு சுற்றியுள்ள வெப்பத்தை நம்பியே வளர்கிறது. சிறுத்தைப் பல்லியில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட முட்டையின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. சுமார் 26 டிகிரி செல்சியஸில் பெரும்பாலும் பெண் குஞ்சுகள். 32, 33 டிகிரியில் ஆண் குஞ்சுகள் அதிகம். அதற்கும் மேலே போனால் மறுபடி பெண் குஞ்சுகள் அதிகம். இவ்வளவு நுட்பமான ஒன்றில், அளவுக்கு மீறிய சூடு முதுகெலும்பையும் வாலையும் கால்களையும் கோணலாக்கலாம். அடுப்படி மேடையில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். காலையில் 17 டிகிரி, சமைக்கும்போது 38 டிகிரி. குழுவினர் வெப்ப வரைபடத்தைக் கணக்கு ஆசிரியரிடம் காட்டிப் பாராட்டு வாங்கினார்கள்.

மூன்றாவது, ஈரப்பதம். அடுப்புச் சூட்டில் முட்டை நீரை இழக்கும். சுருங்கிய நான்காவது முட்டையைச் சான்றாகக் காட்டினார்கள்.

நான்காவது, திருப்பியது. கோழி தன் முட்டையைத் திருப்புவது கரு ஓட்டில் ஒட்டிவிடாமல் இருக்க உதவுகிறது. பல்லி முட்டையில் நிலைமை வேறு. அதன் கரு, முட்டை இட்ட சிறிது காலத்திலேயே ஓட்டின் உட்புறத்தில் ஒட்டி நின்று வளரத் தொடங்குகிறது. அதைத் திருப்பினால் கரு இறந்துவிடக்கூடும்.

இதைப் படித்ததும் டப்பாவைக் கொண்டுவந்தவன் கேட்டான், "அப்ப நான்தான் காரணமா டீச்சர்?" நான் பதில் சொல்வதற்குள் அந்தக் குழுவே சொன்னது: "நீ நாலு முட்டையையும்தான்டா திருப்பின. ரெண்டு நல்லாத்தானே பொரிச்சுது? அதுமட்டும்னு சொல்ல முடியாது."

ஆசிரியப் பணியில் 20 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தோழனை ஆதாரத்தைக் கொண்டு ஆறுதல்படுத்தும் பிள்ளைகளை அன்றுதான் பார்த்தேன்.

ஐந்தாவது, மரபு. நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நடந்தால் சில குறைபாடுகள் வெளிப்படும். ஆறாவது, பொரித்த பிறகு நடந்த காயம். இதற்கு ஒரு மாணவி நல்ல உதாரணம் தந்தாள். லயத்து வீட்டில் செய்தித்தாள் விரித்த அட்டைப்பெட்டியில் கோழிக்குஞ்சு விட்டால் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துகொள்ளும். அவளுடைய அம்மா காகிதத்தை எடுத்துவிட்டுச் சாக்கு விரிப்பாராம். கால்களை மெல்லிய துணிப்பட்டையால் இரண்டு மூன்று நாள் தளர்வாக இணைத்து வைப்பாராம். பெரும்பாலும் சரியாகிவிடும். பண்ணைகளில் வைட்டமின் பி2 குறைந்த தீவனத்தால் குஞ்சுகளின் விரல்கள் சுருண்டுகொள்வதும் உண்டு. அங்கே துணிப்பட்டை உதவாது, தீவனத்தை மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் வகுப்பு ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் கோணல்களுக்குக் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. காரணம் மாறினால் மருந்தும் மாறும்.

எங்கள் பல்லிக் குஞ்சுக்கு எது காரணம்? சூடும் ஈரக்குறைவும் கூடுதல் சந்தேகத்துக்கு உரியவை என்பதோடு நிறுத்திக்கொண்டோம். கரும்பலகையின் ‘தெரிந்தது’ பக்கத்தில் காரணம் என்று எதையும் எழுதவில்லை. அப்படி நிறுத்துவதும் அறிவியல்தான்.

மூன்று செயல்பாடுகள்

வளையும் எலும்பு: சமைத்த கோழியின் மெல்லிய கால் எலும்பைச் சுத்தம் செய்து வினிகரில் ஊறப்போட்டோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றினோம். ஐந்தாம் நாள் எலும்பு ரப்பர் போல வளைந்தது. அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டது, மிஞ்சியது புரதம். எலும்பின் விறைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. பக்கத்திலேயே ஒரு கோழி முட்டையையும் வினிகரில் வைத்தோம். ஓட்டிலிருந்து கார்பன் டைஆக்சைடு குமிழ்கள் கிளம்பின. இரண்டு நாளில் ஓடு இல்லாத முட்டை தயார்.

ஜன்னல் பல்லி: கீழ்நாட்டில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இது எளிது. எங்கள் குளிரில் பல்லிகள் குறைவு என்பதால் மேட்டுப்பாளையம், கோவை உறவினர் வீட்டுக்குப் போகும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தேன். இரவில் விளக்கெரியும் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் பல்லி ஒட்டியிருக்கும்போது உள்ளிருந்து அதன் வயிற்றைப் பார்க்க வேண்டும். முட்டை சுமக்கும் பல்லியின் மெல்லிய தோல் வழியே இரண்டு வெள்ளை உருண்டைகள் தெரியும். சிலவற்றுக்குக் கழுத்தின் பக்கவாட்டில் வெண்ணிற வீக்கமும் தெரியும். அதுதான் சுண்ணாம்புச் சேமிப்பு. தொடாமல், பிடிக்காமல் பார்க்கும் உயிரியல் இது.

வெயிலும் எலும்பும்: 1918-19 குளிர்காலத்தில் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு மென்மையான நான்கு குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் முன் வைத்துச் சிகிச்சை அளித்தார். எலும்புகள் தேறின. அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு மீன் எண்ணெய் கொடுத்து இந்த நோயைத் தடுக்க முடிவதைக் காட்டினார். ஒருவர் ஒளியால் சாதித்ததை மற்றவர் உணவால் சாதித்தார். இரண்டுக்கும் பொதுவானது எது? இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பிள்ளைகளையே வைட்டமின் டி வரை வரவைத்தேன். பிறகு, கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்து காயும் வெயிலில் வைட்டமின் டி கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்காது. அதற்கான புற ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. மழை விட்ட நாட்களில் உடற்கல்விப் பாடவேளையை யாரும் கடன் கேட்பதில்லை என்று எங்கள் பள்ளியில் இப்போது ஓர் எழுதாத ஒப்பந்தம் இருக்கிறது.

தவளை பிடித்த பிள்ளைகள்

இவ்வளவு ஆராய்ந்தும் முடிவு கிடைக்கவில்லையே என்று சிலருக்கு ஏமாற்றம். அவர்களுக்கு ஓர் உண்மைக் கதையைச் சொன்னேன்.

1995 ஆகஸ்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஹெண்டர்சன் என்ற ஊருக்கு அருகே, பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியருடன் ஒரு பண்ணைக் குட்டைக்குக் களப்பயணம் போனார்கள். பிடித்த தவளைகளில் ஏறத்தாழப் பாதிக்குக் கால்கள் கோணலாகவோ குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தன. பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறித்துவைத்தார்கள். ஆசிரியர் அதை அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். நாடு முழுவதும் ஆராய்ச்சி தொடங்கியது. பூச்சிமருந்தா, புற ஊதாக் கதிரா, ஒட்டுண்ணியா என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. 1999இல் பீட்டர் ஜான்சன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் வெளியிட்ட சோதனை, தலைப்பிரட்டைகளின் கால் முளைக்கும் இடத்தில் புகும் ஒரு தட்டைப்புழு கூடுதல் கால்களை உண்டாக்க முடியும் என்று காட்டியது. அந்தப் புழு முதலில் நத்தையில் வளர்கிறது. குட்டையில் உரம் கலந்தால் பாசி பெருகும், பாசி பெருகினால் நத்தை பெருகும், நத்தையோடு புழுவும் பெருகும். ஆனாலும் எல்லா இடத்துக் கோணலுக்கும் இந்தப் புழு ஒன்றே காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை.

நமது மேற்குத் தொடர்ச்சி மலையிலும், கர்நாடகப் பகுதியின் வயல், தோட்டங்களில் வாழும் தவளைகளிடம் இத்தகைய குறைபாடுகளை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். "நாமும் எண்ணலாமா டீச்சர்?" என்றது வகுப்பு. பள்ளிக்குக் கீழே ஓடும் ஓடையில் மழைக்காலத்தில் பார்க்கும் தவளைகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். ஒற்றைக் குஞ்சை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று கற்ற வகுப்பு, எண்ணிக்கையின் அருமையை உணர்ந்துவிட்டது.

அந்த மாணவியின் தம்பி

அவள் கேள்விக்கு வருகிறேன். அதை வகுப்பில் பேசவில்லை. ஒரு குடும்பத்தின் வலியைப் பாடப்பொருள் ஆக்கக் கூடாது. அவளைத் தனியாக அழைத்து, நான் சட்டென்று சொன்னது தவறு என்றேன். பிறகு கிராம சுகாதார செவிலியரிடம் பேசிவிட்டு அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

பிறவியிலேயே பாதம் உட்புறமாகவும் கீழ்நோக்கியும் திரும்பியிருப்பதை மருத்துவர்கள் ‘கிளப் ஃபுட்’ என்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி இருக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் சுமார் இரு மடங்கு. இது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவதல்ல. கிரகணத்தாலும் அல்ல. மரபுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் பெரும்பாலான குழந்தைகளிடம் இன்ன காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது.

காரணம் தெரியாவிட்டாலும் சிகிச்சை தெரியும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கிய முறை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. வாரம் ஒருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி மாவுக்கட்டு போடுவார்கள். பொதுவாக ஐந்தாறு கட்டுகள். பலருக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு தேவைப்படும். பிறகு இரண்டு காலணிகளைக் கம்பியால் இணைத்த சிறப்புக் காலணி. முதல் மூன்று மாதம் நாள் முழுவதும், பிறகு நான்கு வயது வரை தூங்கும்போது மட்டும். பிறந்த சில வாரங்களில் தொடங்குவது நல்லது, தாமதமானாலும் பயன் உண்டு.

பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவை நாம் எல்லோரும் அறிவோம். 2013இல் தொடங்கிய இத்திட்டம் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளோருக்கானது. கிளப் ஃபுட், ரிக்கெட்ஸ் இரண்டுமே அதன் பட்டியலில் இருக்கின்றன. பரிந்துரைக்கப்படும் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். அந்த வீட்டில் இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள முயலாததற்கும் காரணம் இருந்தது. தன் தவறு என்று நம்பும் தாய் மருத்துவரிடம் போகக் கூசுவாள். எட்டு மாதமாகக் குழந்தையின் பாதத்தைத் துணியால் மூடியே தூக்கிச் சென்றிருக்கிறார் அந்தத் தாய்.

"நான் ஏதும் பண்ணலையா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க எதுவும் பண்ணலைம்மா. இனிமேதான் பண்ணணும். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரீங்களா?"

நான் இதை எழுதும்போது நான்காவது மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பாட்டியும் ஒருமுறை கூடப் போய் வந்தாராம்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

இந்தப் பாடத்தை நடத்த விரும்புவோருக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள்.

பல்லி முட்டையைத் தேடி எடுத்துவரச் சொல்ல வேண்டாம். முட்டை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், தேதி குறித்து எட்ட நின்று பார்க்கலாம். காட்டில் வாழும் பல்லி, ஓணான், ஆமை போன்றவற்றைப் பிடித்து வளர்க்கும் ஆசையையும் ஊக்குவிக்க வேண்டாம். அவற்றில் பல இனங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஊர்வனவற்றைத் தொட நேர்ந்தால் சோப்பு போட்டுக் கை கழுவுவது கட்டாயம். அவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

‘ஊனம்’, ‘பாவம்’ போன்ற சொற்கள் வகுப்பில் வந்தால் அதட்ட வேண்டாம். "என்ன பார்த்தாய், அதை மட்டும் சொல்" என்று கேளுங்கள். ‘பின்னங்கால்கள் வெளிப்புறம் வளைந்துள்ளன’ என்று எழுதத் தொடங்கிய பிள்ளை, தன்னை அறியாமலே இரக்கத்தையும் இழிவையும் விட்டுவிட்டு உற்று நோக்கலுக்கு வந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உடற்குறைபாடு பற்றி எந்தப் பாடம் நடத்தினாலும், அதே குறைபாடு உள்ள ஒருவர் நம் வகுப்பிலோ அவர்கள் வீட்டிலோ இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு நடத்துங்கள். சத்துக்குறைவு நோய்களின் அட்டவணையை மனப்பாடம் செய்யவைக்கும்போது, எதிரே இருக்கும் பிள்ளை தன் அம்மாவை அந்த அட்டவணையில் வைத்துப் பார்க்கிறது.

நல்ல கால்களுடைய இரண்டு குஞ்சுகளும் அந்தச் சனிக்கிழமையே மாணவனின் அப்பாவோடு மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தன. கால் வளைந்த குஞ்சு ஆறாம் நாள் இறந்தது. பள்ளித் தோட்டத்தின் ரோஜாச் செடியருகே புதைத்தார்கள். இறந்த நாளையும் நோட்டில் குறித்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை, மேலும் எண்ணிப் பார்க்க வேண்டும்’ என்று எழுதியிருந்தது. எழுதியவள் அந்த மாணவி.